சுகாதாரத் திட்டம் எழுதும் மேசையில் நம் பிள்ளைகள் எங்கே?

பிளஸ் டூ தேர்வு முடிவு வரும் வாரத்தில் நம் தெருக்களில் ஒரே பேச்சுதான். நீட் மதிப்பெண் எத்தனை, கட்ஆஃப் எவ்வளவு, எஸ்.சி. பிரிவில் இடம் வருமா, வராவிட்டால் இன்னொரு வருடம் கோச்சிங் அனுப்பப் பணத்தை எங்கே புரட்டுவது? டாக்டர் இல்லையென்றால் நர்சிங், அதுவும் இல்லையென்றால் லேப் டெக்னீஷியன், பார்மசி என்று ஒரு வரிசை எல்லோருக்கும் மனப்பாடம். அந்த வரிசையில் ஒரு படிப்பின் பெயர் மட்டும் வருவதே இல்லை. அது பொதுச் சுகாதாரம்.

ஊரில் பொதுச் சுகாதாரம் என்றால் இரண்டு அர்த்தம்தான் உண்டு. ஒன்று, சாக்கடை அள்ளுவது, பிளீச்சிங் பவுடர் தெளிப்பது. இன்னொன்று, கொசு மருந்து அடிக்க வருகிறவர். முதல் வேலையை யார் தலையில் கட்டியிருக்கிறார்கள் என்பதை இந்தப் பத்தியின் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் எந்தத் தெருவுக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை குடிநீர், துணை சுகாதார நிலையத்தை ஊரின் எந்தப் பக்கம் கட்டுவது, ரத்தசோகைக்கு ஒதுக்கும் பணத்தை எந்த ஒன்றியத்துக்கு முதலில் கொடுப்பது என்று முடிவு எடுப்பதும் பொதுச் சுகாதாரம்தான். அந்த மேசைக்கு ஆட்களைத் தயார் செய்யும் படிப்புகள் இருக்கின்றன, பதவிகளும் இருக்கின்றன. நம் பிள்ளைகளுக்கு அந்தக் கதவு எங்கே இருக்கிறது என்பதே தெரியவில்லை என்பதுதான் சிக்கல்.

மருத்துவருக்கும் பொதுச் சுகாதாரப் பணியாளருக்கும் உள்ள வித்தியாசம் எளிமையானது. ஒரே தெருவில் பத்துக் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தால், பத்துப் பேருக்கும் குளுக்கோஸ் ஏற்றிக் காப்பாற்றுவார் மருத்துவர். ஏன் இந்தத் தெருவில் மட்டும், அடுத்த தெருவில் ஏன் இல்லை, இவர்கள் குடிக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டு, பதினோராவது குழந்தை படுக்காமல் பார்த்துக்கொள்வது மற்றவரின் வேலை. 1854ஆம் ஆண்டு லண்டனின் சோஹோ பகுதியில் காலரா பரவியபோது ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் அதைத்தான் செய்தார். இறந்தவர்களின் வீடுகளை வரைபடத்தில் குறித்துப் பார்த்தார். பிராட் தெருவிலிருந்த ஒரு கைப்பம்பைச் சுற்றியே சாவுகள் குவிந்திருந்தன. அந்தப் பம்பின் கைப்பிடியைக் கழற்றச் செய்தார். பொதுச் சுகாதாரம் படிக்கும் மாணவர் எவரும் முதல் வாரத்தில் கேட்கும் கதை இது.

நமக்கு லண்டன் வரை போக வேண்டியதில்லை. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் நடந்ததும் இதே கேள்விதான். தலித் குடியிருப்புக் குழந்தைகள் அடுத்தடுத்து வாந்தி, வயிற்றுப்போக்கு என்று மருத்துவமனைக்குப் போனார்கள். குடிதண்ணீரைப் பாருங்கள் என்று மருத்துவர்கள் சொன்ன பிறகுதான் 10,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டியில் ஆட்கள் ஏறிப் பார்த்தார்கள். உள்ளே மனித மலம் கிடந்தது. யார் செய்தது என்ற வழக்கு தனி. சிபிசிஐடி 2025 ஜனவரியில் தாக்கல் செய்த குற்றப்பத்திரிகையை அந்த மக்களும் பல கட்சிகளும் ஏற்கவில்லை. நாம் இங்கே கவனிக்க வேண்டியது வேறு. அந்தத் தொட்டியைப் பார்க்கப் போன மாவட்ட நிர்வாகத்தின் கண்ணில்தான் அதே ஊரின் இரட்டைக் குவளையும், கோயிலுக்குள் விடாத வழக்கமும் பட்டன. மலம் கலந்தது ஒரு நாள் நிகழ்வாக இருக்கலாம். அதே ஊருக்குள் தடுப்பூசிக்கும் மகப்பேறு கணக்குக்கும் கொசு மருந்துக்கும் ஆண்டுக்கணக்கில் அரசு ஆட்கள் வந்துபோய்க்கொண்டுதானே இருந்தார்கள்? எந்தப் பதிவேட்டிலும் அந்த இரட்டைக் குவளைக்கு ஒரு கட்டம் இல்லை. அது சுகாதாரத் துறையின் வேலை இல்லை என்று நினைக்கப் பழக்கியிருக்கிறோம்.

பெருமையும் அதன் ஓரத்தில் இருக்கும் ஓட்டையும்

பொதுச் சுகாதாரத்தில் தமிழ்நாடு மற்ற மாநிலங்களுக்கு முன்னோடி என்று சொல்வது வெறும் புகழ்ச்சி அல்ல. சென்னை மாகாணத்தில் பொதுச் சுகாதாரத்துக்கென்று தனித்துறை வந்தது 1922ஆம் ஆண்டில். 1939இல் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது. குடிநீர் மாசு, கழிவுநீர், தொற்றுநோய் அறிவிப்பு எல்லாவற்றுக்கும் சுகாதார அலுவலருக்கு அதிகாரம் கொடுத்த, நாட்டிலேயே முதலாவதான சட்டம். சுதந்திரத்துக்குப் பிறகு மற்ற மாநிலங்கள் பொதுச் சுகாதாரத் துறையை மருத்துவத் துறையோடு கலந்துவிட்டன. மருத்துவமனைக்குப் போகும் பணமும் கௌரவமும் நோய்த் தடுப்புக்குப் போகாது என்பதால் தடுப்பு வேலை அங்கே தேய்ந்தது. தமிழ்நாடு மட்டும் தனி இயக்குநரகத்தையும், அதற்கென்றே பயிற்சி பெற்ற அலுவலர் வரிசையையும் விடாமல் வைத்துக்கொண்டது. மோனிகா தாஸ்குப்தாவும் அவரது சக ஆய்வாளர்களும் 2010இல் வெளியிட்ட கட்டுரை இதைத்தான் மற்ற மாநிலங்களுக்குப் பாடமாகச் சொன்னது. 2017ஆம் ஆண்டு தேசிய சுகாதாரக் கொள்கை எல்லா மாநிலங்களும் பொதுச் சுகாதார மேலாண்மைக்குத் தனி அலுவலர் அணி உருவாக்க வேண்டும் என்றது. அதற்கான வழிகாட்டு நெறிமுறையை ஒன்றிய அரசு 2022இல் வெளியிட்டது. அதாவது நாம் நூறு ஆண்டுக்கு முன் செய்ததை நாடு இப்போது செய்யப் பார்க்கிறது.

2004 டிசம்பர் சுனாமிதான் இந்த அமைப்புக்குப் பெரிய சோதனை. நாகப்பட்டினத்தில் ஆயிரக்கணக்கில் பிணங்கள், உப்பேறிய கிணறுகள், நெரிசலான முகாம்கள். அடுத்து காலராதான் வரும் என்று உலகம் பயந்தது. வரவில்லை. மாநிலம் முழுவதிலிருந்தும் சுகாதார ஆய்வாளர்களும் செவிலியர்களும் இறக்கப்பட்டார்கள். தண்ணீரில் குளோரின் அளவு பார்க்கப்பட்டது, தடுப்பூசி போடப்பட்டது, கழிப்பிடம் அமைக்கப்பட்டது. பெரிய கொள்ளைநோய் எதுவும் இல்லாமல் அந்த மாதங்கள் கடந்தன. இதை மனதாரப் பாராட்ட வேண்டும்.

ஆனால் அதே நாகையில், அதே வாரங்களில் எழுதப்பட்ட இன்னொரு பதிவும் இருக்கிறது. தலித் மக்கள் முகாம்களில் சேர்க்கப்படாமல் ஒதுக்கப்பட்டதையும், பொதுத் தண்ணீரைத் தொட விடாததையும், நிவாரணப் பட்டியலில் கடைசிக்குத் தள்ளப்பட்டதையும் மனித உரிமை அமைப்புகள் விரிவாக ஆவணப்படுத்தின. பிணங்களை அப்புறப்படுத்த மட்டும் பல நகராட்சிகளிலிருந்து துப்புரவுப் பணியாளர்கள் வரவழைக்கப்பட்டார்கள். ஒரே பேரிடர், ஒரே மாவட்டம், இரண்டு பதிவுகள். முதல் பதிவு சுகாதாரத் துறையின் வெற்றிக் கதை. இரண்டாவது சமூகநீதிக்காரர்களின் புகார். இரண்டையும் ஒரே அறிக்கையாக எழுதும் ஆள் அந்தத் துறைக்குள் இல்லை. தண்ணீரில் குளோரின் எவ்வளவு என்று பார்க்கத் தெரிந்த அமைப்புக்கு, அந்தத் தண்ணீரை யார் எடுக்க முடிகிறது என்று பார்க்கத் தெரியவில்லை. பயிற்சியில் அது சொல்லித் தரப்படவில்லை. சொல்லித் தராமலே தெரிந்த ஆட்கள் முடிவு எடுக்கும் இடத்தில் இல்லை.

யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது ஏன் முக்கியம்?

“திறமை இருந்தால் போதாதா, சாதி எதற்கு?” என்ற கேள்வி இந்த இடத்தில் வரும். நம் பிள்ளைகளே சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

கழிப்பறை விஷயத்தை எடுத்துக்கொள்வோம். வட மாநிலக் கிராமங்களில் அரசு செலவில் கழிப்பறை கட்டிக் கொடுத்தும் மக்கள் ஏன் வெளியே போகிறார்கள் என்று பல காலம் வல்லுநர்கள் குழம்பினார்கள். வறுமை என்றார்கள், தண்ணீர் இல்லை என்றார்கள், விழிப்புணர்வு இல்லை என்றார்கள். நம்மைவிட ஏழை நாடுகளில் எளிய குழிக் கழிப்பறை பிரச்சினையில்லாமல் புழங்குகிறது என்பதை யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. டயான் காஃபி, டீன் ஸ்பியர்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட புத்தகத்தில் காரணத்தைப் போட்டு உடைத்தார்கள். குழி நிறைந்தால் யார் அள்ளுவது? அது தீண்டத்தகாதவர் வேலை என்ற எண்ணம். முன்பு அந்த வேலையைச் செய்ய வைக்கப்பட்டவர்கள் இப்போது மறுக்கிறார்கள், மற்றவர்கள் தொட மாட்டார்கள். ஆகவே குழியை நிரப்பாமல் இருப்பதே வழி என்று வயலுக்குப் போகிறார்கள். பல கோடி ரூபாய்த் திட்டத்தின் அடியில் கிடந்த இந்த உண்மையைக் கண்டுபிடிக்க வெளிநாட்டு ஆய்வாளர்கள் கிராமத்தில் வந்து தங்க வேண்டியிருந்தது. திட்டம் தீட்டிய அறையில் ஒரு துப்புரவுத் தொழிலாளியின் மகள் இருந்திருந்தால் முதல் கூட்டத்திலேயே கேட்டிருப்பாள்.

ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கமித்ரா ஆச்சார்யா குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் தலித் குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடத்தினார். மருந்து வாங்கும்போது என்ன நடக்கிறது என்பது கேள்வி. கையில் படாமல் மாத்திரையைப் போடுவது, தொட்டுப் பார்க்காமல் மருந்து எழுதுவது, காத்திருக்க வைப்பது என்று குழந்தைகள் சொன்னது நீளமான பட்டியல். மாத்திரை கொடுத்தாயிற்று என்று பதிவேட்டில் ஒரு டிக் விழுந்திருக்கும். எப்படிக் கொடுத்தார்கள் என்பதைக் கேட்கத் தோன்றியதே அந்த ஆய்வின் சாதனை.

இதெல்லாம் மனவருத்தம் சார்ந்த விஷயம் என்று தள்ளிவிட முடியாது. 2022இல் வெளியான ஓர் ஆய்வு, ஒன்பது மாநிலங்களில் இரண்டு கோடிப் பேரின் தகவலை வைத்து ஆயுட்காலத்தைக் கணக்கிட்டது. உயர்சாதி இந்துக்களைவிட தலித்துகளின் ஆயுள் மூன்று ஆண்டுக்கு மேல் குறைவு, பழங்குடியினரின் ஆயுள் நான்கு ஆண்டுக்கு மேல் குறைவு. “ஏழைகள், அதனால்தான்” என்று சொல்லவும் வழியில்லை. பொருளாதார நிலையை வைத்துப் பார்த்தாலும் இந்த இடைவெளியில் பாதிக்கும் குறைவாகத்தான் விளக்க முடிகிறது. அந்த ஒன்பதில் தமிழ்நாடு இல்லை. நம் மாநிலத்துக்கு அப்படி ஒரு கணக்கை யார் போடப்போகிறார்கள் என்று கேட்டால், அதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

தமிழ்நாட்டில் மருத்துவமனைப் பிரசவம் 99 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. அதே தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றில், 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. இந்த இரண்டாவது எண் எந்தத் தெருவில் கூடுகிறது, எதில் குறைகிறது? மாவட்டக் கூட்டத்தில் எண்கள் ஒன்றியவாரியாக, ஆரம்ப சுகாதார நிலையவாரியாகத்தான் பேசப்படுகின்றன. ஊர்த்தெரு, காலனித்தெரு என்று பிரித்துப் பேசுவதில்லை. ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதல்வர் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லதுதான். ஆனால் சொல் போன பிறகும் தெரு அங்கேயேதான் இருக்கும். அந்தத் தெருவின் ரத்தசோகைக் கணக்கைத் தனியாக எடுக்கத் தெரிந்தவர்கள் வேண்டும்.

ஏணியின் கீழ்ப்படியில்

சுகாதாரத் துறையில் தலித்துகள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. எங்கே இருக்கிறார்கள் என்பதுதான் விஷயம். தூய்மைப் பணியாளர், தூய்மைக் காவலர், ஒப்பந்தக் கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர், மருத்துவமனையில் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கும் பெண் தன்னார்வலர். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய அந்தத் திட்டத்துக்கு 2024இல் ஐ.நா. விருது கிடைத்தது. விருதுக்கான உழைப்பில் பெரும்பங்கு, மாதம் ஒரு ஊக்கத்தொகையை மட்டும் வாங்கிக்கொண்டு வெயிலில் நடந்த அந்தப் பெண்களுடையது. ஊரில் யாருக்குச் சர்க்கரை ஏறுகிறது, யார் மாத்திரையை நிறுத்திவிட்டார், ஏன் நிறுத்தினார் என்று அவர்களுக்குத் தெரிகிற அளவு சென்னையில் எவருக்கும் தெரியாது. அந்தப் பெண்களில் பட்டப்படிப்பு முடித்தவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் மேலே ஏற ஒரு படி இருக்கிறதா? இல்லை.

அடுத்த படியில் கிராம சுகாதார செவிலியரும் சுகாதார ஆய்வாளரும் இருக்கிறார்கள். நர்சம்மா இல்லாமல் தமிழ்நாட்டின் மகப்பேறு கணக்கு எதுவும் இல்லை. சமவெளியில் ஐயாயிரம் பேருக்கு, மலைப்பகுதியில் மூவாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது விதி. இருபது, முப்பது ஆண்டு களப்பணி செய்த நர்சம்மா பகுதி சுகாதார செவிலியராகலாம், அதன்பின் சமுதாய சுகாதார செவிலியராகலாம். ஆனால் அவர் அனுபவம் அறிக்கை எழுதும் இடத்துக்கு, கொள்கை வகுக்கும் இடத்துக்கு அவரைக் கொண்டுபோகாது. அதற்கு எம்.பி.பி.எஸ். வேண்டும், அதன்மேல் பொதுச் சுகாதாரப் பட்டயம் வேண்டும்.

மருத்துவர்களுக்கு இந்த விஷயத்தில் ஒரு நல்ல வழி இருக்கிறது. அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கு மேற்படிப்பில் தனி ஒதுக்கீடு. அது செல்லும் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2020 ஆகஸ்டில் தீர்ப்பு சொன்னது. தமிழ்நாடு மருத்துவ அலுவலர் சங்கம் போராடிப் பெற்றது அது. அதே நியாயம் நர்சம்மாவுக்கும் சுகாதார ஆய்வாளருக்கும் ஏன் இல்லை? பத்தாண்டு களப்பணி முடித்தவர்களுக்குச் சம்பளத்துடன் கூடிய விடுப்பு, அரசு நிறுவனங்களின் பொதுச் சுகாதார முதுநிலைப் படிப்பில் பணி ஒதுக்கீடு, அதற்குள் 69 சதவீத இனச்சுழற்சி என்று மூன்றும் சேர்ந்தால் பத்து ஆண்டில் மாவட்ட அலுவலகங்களின் முகம் மாறும். இதற்குப் புதிய கல்லூரி கட்ட வேண்டியதில்லை. ஒரு அரசாணை போதும்.

மருத்துவர் அல்லாதவர் சுகாதாரக் கொள்கை பேசலாமா என்று கேட்பவர்களுக்கு அம்பேத்கரை நினைவூட்டலாம். பொருளாதாரமும் சட்டமும் படித்தவர் அவர். 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் பெண் தொழிலாளிகளுக்கான பேறுகால உதவி மசோதாவை ஆதரித்து, தாய்க்கு ஓய்வு கொடுப்பது நாட்டின் நலன், அதன் சுமையில் அரசுக்கும் பங்கு உண்டு என்று வாதாடினார். 1938 நவம்பரில் அவருடைய கட்சி உறுப்பினர் ரோஹம் மூலம் குடும்பக் கட்டுப்பாட்டு வசதிகளை அரசே அளிக்க வேண்டும் என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்தார். தோற்றுப்போனது. காங்கிரசே பேசத் தயங்கிய காலம் அது. மகாத் குளத்துத் தண்ணீரைக் கையில் அள்ளியதும் பொதுச் சுகாதாரம்தான் என்று நான் சொல்வேன். பாடத்திட்டக்காரர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நம்மூர் அயோத்திதாசப் பண்டிதர் சித்த மருத்துவர் என்பதையும் பலர் மறந்துவிட்டோம்.

எங்கே படிக்கலாம், எதற்குக் கவனம் வேண்டும்?

உயிரியல் எடுத்து பிளஸ் டூ முடித்த ஆண்களுக்கு இரண்டு ஆண்டு சுகாதார ஆய்வாளர் படிப்பு இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டம் அம்பாத்துரையில் உள்ள காந்திகிராம ஊரக சுகாதார நிறுவனம் இதில் பழைய பெயர். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் இரண்டாம் நிலை சுகாதார ஆய்வாளர்களைத் தேர்வு செய்யும்போது இந்தச் சான்றிதழைத்தான் கேட்கிறது. பத்தாம் வகுப்பில் தமிழ் ஒரு பாடமாக இருந்திருக்க வேண்டும். தனியார் நிறுவனத்தில் சேருவதாக இருந்தால், அது பொதுச் சுகாதாரத் துறை இயக்குநரகத்தின் அங்கீகாரம் பெற்றதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்ட வேண்டும். பேருந்து நிலையச் சுவரொட்டியை நம்பி ‘சானிட்டரி இன்ஸ்பெக்டர்’ சான்றிதழ் வாங்கி ஏமாந்தவர்கள் எல்லா மாவட்டத்திலும் உண்டு. பெண்களுக்குத் துணைச் செவிலியர் பயிற்சி, அதுவும் இரண்டு ஆண்டு.

பட்டப்படிப்பு முடித்தவர்களுக்குத்தான் நாம் அதிகம் பேசாத கதவு திறக்கிறது. எம்.பி.எச். எனப்படும் பொதுச் சுகாதார முதுநிலைப் பட்டம், இரண்டு ஆண்டு. டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் போன்ற இடங்களில் எந்தப் பட்டம் பெற்றவரும் விண்ணப்பிக்கலாம். பி.ஏ. பொருளாதாரம், பி.எஸ்.டபிள்யூ., பி.எஸ்சி. புள்ளியியல் படித்த பிள்ளைகள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். திருவனந்தபுரம் சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுதமேனன் மையம் 1997இல் இந்தப் படிப்பைத் தொடங்கியது. சென்னையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசிய நோய்ப்பரவல் இயல் நிறுவனம், புதுச்சேரி ஜிப்மர், திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், கொல்கத்தாவில் 1932 முதல் இயங்கும் அகில இந்திய சுகாதார நிறுவனம் எல்லாம் அரசு நிறுவனங்கள். தகுதி ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு மாதிரி. சிலவற்றில் மருத்துவம் சார்ந்த பட்டம் கேட்பார்கள். சேரும் முன் அந்த வருட அறிவிப்பைப் படித்துவிட வேண்டும். தனியார் பல்கலைக்கழகங்கள் இதே பட்டத்தை லட்சக்கணக்கில் விற்கின்றன. அரசு நிறுவனங்களை முடித்துவிட்டுக் கடைசியில் அவற்றைப் பார்த்தால் போதும்.

ஆங்கிலம் ஒரு சுவர் என்பது உண்மை. நுழைவுத் தேர்வு ஆங்கிலம், பாடம் ஆங்கிலம், அறிக்கை ஆங்கிலம். தமிழ் வழியில் படித்த பிள்ளை முதல் பருவத்தில் திணறும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு எம்.பி.பி.எஸ். படிப்பில் 7.5 சதவீத ஒதுக்கீடு கொடுத்த மாநிலம், இந்தப் படிப்புகளுக்கான மூன்று மாத இணைப்புப் பயிற்சியை ஆதிதிராவிடர் நலத்துறை மூலமாவது நடத்தலாம். தாட்கோ எத்தனையோ திறன் பயிற்சிகளை நடத்துகிறது. அழகுக்கலைக்கும் ஓட்டுநர் உரிமத்துக்கும் பக்கத்தில் இதற்கும் ஒரு வரி ஒதுக்கலாம்.

பணம்? பெற்றோர் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. வெளிமாநிலத்தில் படித்தாலும் சொந்த மாநிலத்தில் விண்ணப்பிக்கலாம். ஆனால் காகிதத்தில் இருப்பதும் கையில் வருவதும் வேறு. உதவித்தொகை மாணவர்களுக்கான கட்டண விலக்கை டாட்டா நிறுவனம் நிறுத்தியதை எதிர்த்து 2018 பிப்ரவரியில் அதன் நான்கு வளாகங்களிலும் மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்தார்கள். அங்கே பிரச்சினை எளிது. உதவித்தொகை வரும்போது வரும், கட்டணத்தை இப்போதே கட்டு என்றால் கூலி வேலை செய்யும் வீட்டில் அந்தப் பணம் எங்கே இருக்கும்? ஒன்றிய அரசின் 60 சதவீதப் பங்கு இப்போது நேராக மாணவர் வங்கிக் கணக்குக்குப் போகிறது. வெளிப்படையான ஏற்பாடுதான். ஆனால் பணம் தாமதமானால் நிறுவனத்தின் முன் தனியாகக் கைகட்டி நிற்பது மாணவர்தான். விடுதிக் கட்டணம் பாக்கி என்று ஹால்டிக்கெட்டை நிறுத்தினால் மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலருக்கு அன்றே எழுத்து மூலம் மனு கொடுங்கள். போனில் பேசுவது எந்தக் கோப்பிலும் ஏறாது.

படித்து முடித்த பிறகு வேலை. இங்கேதான் கண்ணுக்குத் தெரியாத கதவு ஒன்று சாத்தப்படுகிறது. மாவட்ட அளவில் இந்தப் பட்டதாரிகளுக்கான பல பணியிடங்கள் தேசிய சுகாதார இயக்கத்தின் கீழ், மாவட்ட நலவாழ்வுச் சங்கம் வழியாக நிரப்பப்படுகின்றன. நோய்ப்பரவல் இயலாளர், தரவு மேலாளர், திட்ட ஒருங்கிணைப்பாளர் என்று பதவிகள். விளம்பரங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 11 மாத ஒப்பந்தம், எக்காரணம் கொண்டும் நிரந்தரம் செய்யப்படமாட்டாது. பணியிடம் எத்தனை? ஒன்று. ஒரே ஒரு பணியிடம் உள்ள பதவிக்கு இடஒதுக்கீடு கூடாது, சுழற்சி முறையிலும் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1998இல் சண்டிகர் முதுநிலை மருத்துவ நிறுவன வழக்கில் சொல்லிவிட்டது. ஆகவே ஒவ்வொரு மாவட்டமும் தனித்தனியாக ஒவ்வோர் இடத்துக்கு விளம்பரம் கொடுத்தால், மாநிலம் முழுவதும் 38 பேர் வேலைக்குச் சேர்ந்த பிறகும் அதில் ஒருவர்கூட இடஒதுக்கீட்டில் வந்தவராக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அதே 38 இடங்களை ஒரே பட்டியலாக்கி 200 புள்ளி இனச்சுழற்சியில் வைத்தால் எஸ்.சி. பிரிவின் 18 சதவீதத்துக்கு ஆறு அல்லது ஏழு இடங்கள் வரும். எந்த அதிகாரியும் கெட்ட எண்ணத்தோடு இதைச் செய்ய வேண்டியதில்லை. விளம்பரத்தைப் பிரித்துக் கொடுத்தாலே காரியம் முடிந்துவிடுகிறது.

தற்காலிகப் பணி என்பதால் இடஒதுக்கீடு வராது என்று சில அலுவலகங்களில் சொல்வார்கள். 45 நாளுக்கு மேற்பட்ட தற்காலிக நியமனங்களில் எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. ஒதுக்கீடு உண்டு என்று ஒன்றிய அரசு 2022 நவம்பரில் தன் துறைகளுக்கு மீண்டும் அறிவுறுத்தியது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்திலும் அதையே சொன்னது. ஒன்றிய அரசுத் துறைகளுக்கான உத்தரவு அது. ஆனால் தேசிய சுகாதார இயக்கத்துக்குப் பெரும்பங்கு பணம் கொடுப்பது ஒன்றிய அரசு என்பதால், அந்த விதி இந்தச் சங்கங்களுக்கு ஏன் இல்லை என்று மாநில அரசிடம் கேட்க நமக்கு முழு உரிமை உண்டு.

கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் இதற்காகக் கொடி பிடிக்க வேண்டும் என்றுகூட இல்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுவுக்குப் பத்து ரூபாய். மாவட்ட நலவாழ்வுச் சங்கத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். கடந்த ஐந்து ஆண்டில் ஒப்பந்த முறையில் நிரப்பிய பணியிடங்கள் எத்தனை, பதவிவாரியாக எஸ்.சி., எஸ்.சி. அருந்ததியர், எஸ்.டி. பிரிவில் எத்தனை பேர், எந்தெந்தப் பதவிகள் ஒற்றை இடமாக விளம்பரம் செய்யப்பட்டன, இனச்சுழற்சிப் பதிவேட்டின் நகல் வேண்டும். இந்த நான்கு கேள்வி போதும். பதில் தர முப்பது நாள் கெடு. வந்த பதிலையும், வராவிட்டால் மனு அனுப்பிய அஞ்சல் ரசீதின் நகலையும் இந்தப் பத்திக்கு அனுப்பி வையுங்கள். மாவட்டவாரியாக அடுக்கி வெளியிடுவோம்.